ரீச்சரிடம் கேளுங்கள்: காலையில் பூட்டிக் கிடக்கும் மண்டபம்

இம்முறை என் மேசைக்கு வந்த கடிதங்களில் ஐந்து, பேசி வைத்து எழுதியதுபோல ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன. பிள்ளைகளை வீட்டிலேயே படிப்பிக்கும் குடும்பங்களும் இளைஞர் கழகங்களும் எப்படிச் சேர்ந்து இயங்குவது என்பதுதான் அது. ஐந்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன். மாமியார்-மருமகள் கடிதக்காரர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் வருகிறேன்.

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் இளைஞர் கழகம் நடத்துகிறோம். கரம், சதுரங்கம், முதலுதவி, நாடகம் எல்லாம் உண்டு. ஆனால் பாடசாலை விட்டதும் பிள்ளைகள் ரியூசனுக்கு ஓடிவிடுகிறார்கள். சனிக்கிழமையும் அதே கதை. கிழமை நாட்களில் காலை முழுக்க மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. தெஹிவளைப் பக்கம் வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் சேர்ந்து ஒரு குழு வைத்திருப்பதாக அறிந்தோம். அவர்களை அழைக்கலாமா? எப்படித் தொடங்குவது?
– கழகப் பொறுப்பாளர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, தாராளமாக அழையுங்கள். ஆனால் நான் செய்த மாதிரிச் செய்யாதீர்கள்.

அரச பாடசாலையில் 22 வருடம் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு, கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் சிறுவர், இளைஞர் வட்டம் ஒன்றை நடத்தினேன். ரயில் போகும்போது எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம், போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம். உங்களுக்கு இருக்கும் அதே பிரச்சினைதான் எனக்கும். காலை 7.30 முதல் 1.30 வரை பிள்ளைகள் பாடசாலையில். அதற்குப் பிறகு ரியூசன். எங்கள் மண்டபத்துக்கு உயிர் வருவதே ஞாயிறு பின்னேரம்தான். 2020இல் கொரோனாவுக்குப் பாடசாலைகள் மூடி, திறந்து, திரும்ப மூடி, 2022இல் எரிபொருள் இல்லாமல் வானும் ஓடாமல் போனபோது, வீட்டில் படிப்பித்துப் பார்த்த சில குடும்பங்கள் பிறகும் அப்படியே நின்றுவிட்டன. அப்படிப் பதினொரு பிள்ளைகளைக் கொண்ட ஒரு குழு எங்களைத் தேடி வந்தது. எனக்கோ புளுகம். செவ்வாய்க்கிழமை காலை 9 மணி என்று நானே நேரம் குறித்தேன், பாடவிதானம் எழுதினேன், இடாப்புப் போட்டேன், ஒரு மணியும் வாங்கி வைத்தேன்.

முதல் கிழமை பதினொரு பேர். நாலாம் கிழமை மூன்று பேர்.

அந்த மூவரில் ஒரு பிள்ளையின் தாய்தான், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சிரித்தபடி சொன்னார்: "ரீச்சர், ஒரு பள்ளிக்கூடத்தால எடுத்து இன்னொரு பள்ளிக்கூடத்தில விடவோ நாங்கள் வந்தனாங்கள்?" அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொரு சங்கதி பிறகுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை அவர்களுடைய நீச்சல் நாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த நாளையே பிடித்திருக்கிறேன். பிறகுதான் புதனுக்கு மாறினோம்.

ஆகவே முதல் வேலை அழைப்புக் கடிதம் எழுதுவதல்ல. ஒரு நாள் அந்தத் தாய்மார் கூடும் இடத்துக்கு நீங்கள் போங்கள். விகாரமகாதேவிப் பூங்காவோ, கொழும்பு பொது நூலகமோ, யாரோ ஒருவருடைய மாடி வீடோ, எங்கே கூடினாலும் சரி. ஓரமாக உட்கார்ந்து, கிழமையில் எந்த நாள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "உங்களுக்கு என்ன குறை?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர்கள் மாமனாரிடமிருந்தும் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்தும் கேட்டுக் களைத்துப்போனவர்கள். "உங்கள் பிள்ளைகள் இப்போது எதில் பைத்தியமாக இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பூச்சி, ரயில், காகித மடிப்பு, கொத்து ரொட்டி என்று நான்கு பதில் வரும். அதிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, வயது. உங்கள் கழகம் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று எழுதியிருக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வருவதில்லை, குடும்பம் குடும்பமாக வருவார்கள். மூத்தது 13, நடுவில் 10, கடைசி 6. ஒன்றை உங்களிடம் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு தாய் எங்கே போவார்? காலி வீதியில் இரண்டு மணித்தியாலம் நடப்பாரா? நான் இதை உணர ஒரு தவணை எடுத்தது. பிறகு மண்டபத்தின் பின்மூலையில் ஒரு பாய், பழைய கலண்டர் தாள்கள், கொஞ்சம் கிறையோன், ஒரு பெட்டி மரக்கட்டை வைத்தோம். தாய்மாரில் ஒருவர் முறை வைத்து அங்கே இருந்தார். அந்தப் பாய் வந்த கிழமையிலிருந்துதான் வரவு நின்று பிடித்தது. என் பாடவிதானத்தை யாரும் தேடவில்லை.

மூன்றாவது, நேரம். 9 மணி வேண்டாம். 101 பஸ்ஸில் அலுவலகக் கூட்டம் குறைந்த பிறகு, 9.45க்குத் தொடங்கி 11.45க்கு முடியுங்கள். ஒரு மணியாகிவிட்டால் பாடசாலை வான்கள் காலி வீதியை அடைத்துவிடும், தெஹிவளைக்குப் போய்ச் சேர்வதற்குள் சின்னது தோளில் தூங்கிவிடும்.

இனி, இது எனக்கு மிகவும் பிந்தி விளங்கியது: அவர்களுக்கு நாங்கள் இடம் கொடுக்கிறோம் என்ற நினைப்பை விடுங்கள். எங்களிடம் இல்லாத இரண்டு சாமான் அவர்களிடம் இருக்கிறது. ஒன்று, பகல் நேரம். மற்றது, பிள்ளையோடு கூடவே வரும் பெரியவர்கள். என் குழுவில் ஒரு தாய் கணக்காளர், ஒருவர் தாதியாக இருந்தவர், ஒரு தகப்பன் இரவு வேலை செய்யும் கணினிக்காரர், காலையில் தூங்க வேண்டிய மனுசன் எங்கள் ஒலிவாங்கியைத் திருத்திக்கொண்டிருப்பார். தொண்டர் இல்லை, தொண்டர் இல்லை என்று பதினான்கு வருடம் அழுதவள் நான். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தவர்களை "பெற்றோர்" என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளிடமும் கைச்சரக்கு இருந்தது. எங்கள் வட்டத்தில் கையெழுத்துச் சஞ்சிகை ஒன்று போடுவோம், நாலு மாதத்துக்கு ஒன்று. எப்போதும் ஸ்டேப்ளர்தான், ஒரு மாதத்தில் தாள் கழன்று விழும். வீட்டில் படித்த 12 வயதுப் பிள்ளை ஒன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் தைக்கட்டா?" என்று கேட்டது. மறுகிழமை பென்சில் பெட்டியில் தடித்த ஊசி, நூல்கட்டை, அரை மெழுகுதிரி, குத்தூசி எல்லாம் கொண்டு வந்தது. நூலை மெழுகில் இரண்டு தரம் இழுத்தது. மடித்த தாள்களை மேசை விளிம்பில் வைத்து, மடிப்பின் மேல் மூன்று துளை. நடுத்துளையால் உள்ளே போய், மேல் துளையால் வெளியே வந்து, கீழ்த்துளையால் திரும்ப உள்ளே போய், நடுவால் வெளியே. முடிச்சு ஒன்றுதான். பிறகு கோதுமை மாப் பசை காய்ச்சிப் பழைய மட்டையை ஒட்டியது. அடுத்த ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பதினைந்து பேர் அதைச் சுற்றி நின்று ஊசி கோக்கப் பழகினார்கள். உயர்தரம் படிக்கும் பெரிய பொடியன் ஒருவன் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு நூலை மெழுகில் இழுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தச் சஞ்சிகை இன்றும் கழன்று விழவில்லை, என் அலுமாரியில்தான் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், காலை வட்டத்தையும் ஞாயிறு வட்டத்தையும் இரண்டு தீவாக விடாதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அல்லது ஒரு போயா தினம் இரண்டையும் ஒன்றாகக் கூட்டுங்கள், ஓகஸ்ட் விடுமுறையில் நாடகத்தைச் சேர்ந்து பழகட்டும். கிழமை நாள் வெளிக்கள வேலையைக் காலைக்காரர்கள் செய்யலாம். நாங்கள் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனோம். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைக் கொழும்பு பெற்றது என்று பலகையைக் காட்டி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு கபரகொய்யா மரப்பாதையைக் குறுக்கே கடந்தது. என் விளக்கத்தை யார் கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை சனம் நெரியும் இடத்தில், புதன் காலை நாங்கள் மட்டும். அவர்கள் எழுதி வந்த பறவைப் பட்டியலை வைத்து ஞாயிற்றுக்காரர்கள் படம் வரைந்தார்கள்.

கட்டணம் பற்றிச் சுருக்கமாக: தலைக்கு வாங்காதீர்கள், குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். மூன்று பிள்ளை உள்ள தாய் தலைக்கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். மின்சாரச் செலவைத் திறந்து சொல்லுங்கள், பங்கு போட்டுத் தருவார்கள்.

கேள்வி: 2021 முதல் என் இரண்டு பிள்ளைகளையும் (மகள் 14, மகன் 10) வீட்டில் படிப்பிக்கிறேன். படிப்பில் பயமில்லை. ஆனால் சாரணர், விருதுத் திட்டம் என்று எங்கே கேட்டாலும் "பாடசாலைக் கடிதம் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். ஓரிடத்தில் என் மகளை முன்னுக்கு வைத்துக்கொண்டே "அப்ப இவ ஒன்றும் படிக்கிறேல்லையா?" என்று கேட்டார்கள். இன்னொன்று, இருவரும் தமிழ் கதைப்பார்கள், வாசிக்கத் திணறுகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், தெஹிவளை

பதில்: தங்கச்சி, அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு என்னிடம் நல்ல பதில் உண்டு, இந்தப் பத்திரிகை அச்சிடாது. விடுவோம்.

சாரணியம் இலங்கைக்கு 1912இல் வந்தது. இங்கே பெரும்பாலும் பாடசாலையைப் பிடித்தே வளர்ந்ததால், பாடசாலைதான் அதன் வாசல் என்று பலரும் நினைக்கிறார்கள். பாடசாலைக்கு வெளியே இயங்கும் குழுக்களும் இருக்கின்றன, மாவட்டச் சாரணர் அலுவலகத்தில் அப்படியொன்றைக் கேளுங்கள். மகளுக்கு 14 ஆகிவிட்டதே, எடின்பரோ கோமகன் பெயரில் உலகம் முழுக்க நடக்கும் அந்த இளைஞர் விருதுத் திட்டத்துக்கு வயது சரி. இங்கே அதை நடத்துவது தேசிய இளைஞர் விருது அதிகாரசபை. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. ஒரு திறன், ஒரு சமூக சேவை, உடற்பயிற்சி, ஒரு பயணம் என்று செய்து பதிவுப் புத்தகத்தில் கையொப்பம் வாங்க வேண்டும். வெண்கலத்துக்குக் குறைந்தது ஆறு மாதம். பாடசாலையில் படித்தால்தான் விருது என்று எங்கும் இல்லை. ஆனால் கையொப்பம் வைக்க உங்களைத் தவிர வேறொரு பெரியவர் வேண்டும். அதற்குத்தான் ஒரு கழகம். மேலே கடிதம் எழுதிய வெள்ளவத்தைத் தம்பி இதை வாசிப்பார் என்று நினைக்கிறேன். இருவரும் இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதினால் சேர்த்து வைக்கிறேன், தரகுக் கூலி வேண்டாம்.

கழகத்துக்குப் போகும்போது கெஞ்சிக்கொண்டு போகாதீர்கள். ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை பிள்ளைகள், என்னென்ன வயது. எந்த இரண்டு காலை உங்களுக்கு ஓய்வு. தாய்மார் நீங்கள் முறை வைத்து என்ன செய்து தருவீர்கள். மூன்றாவதை வாசித்ததும் பொறுப்பாளருடைய முகம் மாறும். எனக்கு மாறியது.

சோதனை விஷயத்திலும் கழகம் உதவலாம், பாடம் படிப்பித்து அல்ல. கேம்பிரிட்ஜ், எடெக்ஸல் போன்ற பிரித்தானியப் பரீட்சைகள் என்றால் பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாகத் தனியார் பரீட்சார்த்தியாக எழுதலாம். நம்முடைய சாதாரண தரத்தையும் தனிப்பட்ட விண்ணப்பதாரியாக எழுத இடமுண்டு. வீட்டில் சாப்பாட்டு மேசையில் படித்த பிள்ளைக்குத் தெரியாதது என்னவென்றால், முன்பின் தெரியாத நாற்பது பேர் நடுவே, மின்விசிறிச் சத்தத்தில், எழும்பித் தண்ணீர் குடிக்காமல் மூன்று மணித்தியாலம் இருப்பது. நாங்கள் வருடத்தில் இரண்டு தரம் மண்டபத்தில் மேசைகளை வரிசைப்படுத்தி, பழைய வினாத்தாள் கொடுத்து, சுட்டிலக்கம் ஒட்டி, என்னையே மேற்பார்வையாளராக நிறுத்தி நடத்தினோம். முதல் தடவை ஒரு பொடியன் அரைமணியில் "ரீச்சர், பணிஸ் சாப்பிடலாமா?" என்று கேட்டான். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லையே என்று இப்போதே தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். எடெக்ஸல் சர்வதேச சாதாரண தர விஞ்ஞானத்தில் செய்முறைச் சோதனை கிடையாது, கேம்பிரிட்ஜில் அதற்குப் பதிலாக எழுத்துத்தாளே எழுதலாம். கேம்பிரிட்ஜ் உயர்தரத்துக்குத்தான் உண்மையான ஆய்வுகூடம் வேண்டும்.

தேசிய அடையாள அட்டையை மறந்துவிடாதீர்கள். 15 வயதில் எடுக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதிபர் ஊடாக விண்ணப்பம் போகும், வீட்டில் படிப்பவர்களுக்குக் கிராம சேவகர் ஊடாக. பாடசாலையில் யாராவது ஞாபகப்படுத்துவார்கள், வீட்டில் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடித் திரிந்த தாயை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ் வாசிப்புக்கு, மாதத்தில் இரண்டு நாள் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கைக்கு வாருங்கள். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் அங்கேதான் இருக்கிறது, நூலகமும் உண்டு. ஆனால் புத்தகம் மட்டும் போதாது. கழகத்தில் நாடகம் போட்டால் உங்கள் மகளுக்கு ஒரு நீளமான வசனம் கொடுக்கச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்க விடக்கூடாது என்று மட்டும் பிடிவாதமாக நில்லுங்கள். என் குழுவில் ஒரு பிள்ளை "ழ" வரும் இடமெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு ஆறு கிழமை பழகியது. மேடையில் ஒரு இடம் மட்டும் தவறியது, "மழை" "மலை" ஆகிவிட்டது. சபை சிரித்தது, அதுவும் சிரித்தது, நாடகம் நடந்தது.

கேள்வி: பம்பலப்பிட்டியில் எங்கள் வட்டத்துக்கு வீட்டுக் கல்விக் குடும்பங்கள் வருகின்றன. தாய்மார் எழும்பிப் போவதே இல்லை. பிள்ளை ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வாய் திறந்தால் பின்னாலிருந்து தாய் சொல்லிவிடுகிறார். அதே நேரம், அவர்கள் இல்லாமல் பிள்ளைகளைப் பொறுப்பேற்கவும் பயமாக இருக்கிறது. எங்கே கோடு போடுவது?
– தொண்டர், பம்பலப்பிட்டி

பதில்: தாய்மாருக்கு வேலை கொடுங்கள். வேறு மந்திரம் இல்லை. சும்மா இருக்கும் தாய்தான் பதில் சொல்வார். ஒருவர் தேத்தண்ணீர், ஒருவர் சின்னவர்களின் பாய், ஒருவர் வாசலில் வரவுப் பதிவு. மற்றவர்கள் தங்கள் பிள்ளை இல்லாத மேசையில் உதவட்டும். "சொந்தப் பிள்ளையின் மேசையில் யாரும் இருக்கக் கூடாது" என்பது எங்கள் மண்டபத்தில் எழுதி ஒட்டிய ஒரே சட்டம்.

பயம் நல்லது, அதைக் கைவிடாதீர்கள். எந்த நேரமும் இரண்டு பெரியவர் இருக்க வேண்டும், ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக ஓர் அறையில் இருக்கக்கூடாது. இது தாய்மாருக்கும் பொருந்தும், தொண்டருக்கும், என்னைப் போன்ற கிழவிக்கும். புதிதாக வரும் ஒவ்வொரு தொண்டரும் கிராம சேவகரிடம் நற்சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும். பிள்ளையை யார் கூட்டிப் போகலாம் என்ற பெயர்ப் பட்டியல் வாசலில் இருக்கட்டும். "மாமா வந்திருக்கிறார்" என்றால் பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் இல்லாத மாமா வெளியே நிற்கட்டும், கோபித்தாலும் பரவாயில்லை. வட்ஸ்அப்பில் படம் போடுவதற்கு முன் ஒவ்வொரு குடும்பத்திடமும் எழுத்தில் கேளுங்கள்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாடசாலைப் பிள்ளையை ஒரு நாளில் பத்து ஆசிரியர்கள் பார்க்கிறார்கள். கையில் தழும்பு இருந்தால், திடீரென்று பேச்சு நின்றால், யாரோ ஒருவர் கண்ணில் படும். வீட்டில் படிக்கும் பிள்ளையை வெளியாளாகக் கிழமைக்கு ஒரு தரமாவது பார்ப்பது சிலவேளை நீங்கள் மட்டும்தான். அதற்காக எல்லா வீட்டையும் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வீடுகள் அன்பானவை, சில வீடுகளில் அன்பு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஆனால் நெஞ்சில் ஏதாவது உறுத்தினால் வாய்க்குள் வைத்திருக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. அதைத் தொண்டர்களின் போனில் இன்றே பதிந்துவிடுங்கள், தாய்மாருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நல்ல தாய்மார் அதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார்கள், நிம்மதியடைவார்கள்.

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, இலவசக் கல்வியில் படித்துப் பொறியியலாளரானவன். இன்று வசதியுள்ளவர்கள் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டில் வைப்பதும், அதற்குக் கழகங்கள் கதவு திறப்பதும் சரியா? சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா?
– ஓய்வு பெற்றவர், கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இல்லையென்றால், என் தகப்பனார் ஐந்து பெண் பிள்ளைகளைப் படிப்பித்திருக்க முடியாது. நானும் பொதுப் பாடசாலையின் ஆள்தான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, பிள்ளைக்குக் கல்வி கட்டாயம் என்ற வயது முன்பு 14 வரை இருந்தது, 2016இல் 16 ஆகக் கூட்டினார்கள். ஐந்து வயது முதல் அதுவரை பிள்ளைக்குக் கல்வி கிடைப்பது பெற்றோரின் பொறுப்பு. அதைக் கல்வி அதிகாரிகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் பெற்றோர், கழகம் அல்ல. கழகம் பாடசாலையும் அல்ல. இதில் நான் கறாராக இருந்தேன். ஒரு தகப்பன் "இந்தப் பிள்ளை இங்கே முழுநேரம் படிக்கிறது" என்று கடிதம் கேட்டார், நல்ல மனிதர், ஏதோ அவசரம். மாட்டேன் என்றேன். "புதன்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம், இதுவரை 26 நாள் வந்திருக்கிறார், நாடகத்திலும் முதலுதவியிலும் பங்குபற்றினார்" என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கு முகம் சுருங்கியது. ஆனால் நடந்ததை மட்டும்தான் கழகம் எழுதலாம். அமெரிக்காவில் 1993 முதல் ஐம்பது மாநிலத்திலும் வீட்டுக் கல்வி சட்டப்படி செல்லும், பொது நூலகங்கள் பகலில் அந்தப் பிள்ளைகளுக்கென்றே நிகழ்ச்சி வைக்கின்றன. அதைச் சொல்லிக் காட்டி இங்கேயும் அப்படித்தான் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள், அவர்கள் சட்டம் அவர்களுக்கு.

வசதியுள்ளவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிலர் அப்படித்தான். ஆனால் என் பதினொரு பிள்ளைகளில் ஒன்று காது கேளாத பிள்ளை. ஒன்று வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து எந்த வகுப்பிலும் பொருந்தாதது. ஒன்று, பாடசாலையில் மூத்த பிள்ளைகளிடம் அடிவாங்கி, வாசலைக் கண்டாலே வாந்தியெடுத்தது. நான் மண்டபத்தைப் பூட்டினால் இவர்கள் அடுத்த நாள் பாடசாலைக்குப் போய்விடுவார்களா ஐயா? வீட்டுக்குள்தான் இருப்பார்கள். காதுப் பிள்ளைக்காக எங்கள் ஞாயிற்றுக்காரர்கள் நாற்பது சைகை பழகினார்கள், பிறகு பாடசாலையில் சோதனை நேரம் அதை வைத்து விடை கடத்தினார்கள் என்பது வேறு கதை.

ஒரு விண்ணப்பம்: நீங்கள் பொறியியலாளர். புதன் காலை உங்களுக்கு என்ன வேலை?

கேள்வி: எனக்கு 14 வயது. வீட்டில் படிக்கிறேன். அம்மா என்னை ஒரு இளைஞர் வட்டத்தில் சேர்க்கப் போகிறா. அங்கே ஸ்கூல் பிள்ளைகளும் வருவார்கள். "எந்த ஸ்கூல்?" என்று கேட்டால் என்ன சொல்வது? போன முறை ஓரிடத்தில் கேட்டபோது பொய் சொல்லிவிட்டேன்.
– கல்கிசை

பதில்: மகள், கொழும்பில் அந்தக் கேள்வி "சாப்பிட்டீங்களா" மாதிரி. கேட்பவர் பாதி நேரம் பதிலைக் கவனிப்பதே இல்லை. பொய் சொன்னதற்காக வருந்தாதே. ஆனால் அந்தப் பொய்யைப் பராமரிக்க யூனிபோர்ம், அதிபர் பெயர், கிரிக்கெட் மட்ச் எல்லாம் வேண்டும், அலுப்பு. "வீட்டிலதான் படிக்கிறன்" என்று சொல்லிவிட்டு உடனே நீ ஒரு கேள்வி கேள்.

எங்கள் சேர்வுப் படிவத்திலும் ஒரு காலத்தில் "பாடசாலையின் பெயர்" என்று ஒரு கோடு இருந்தது. ஒரு பொடியன், உன் வயதுதான் இருக்கும், பேனையை அந்தக் கோட்டின் மேல் வைத்தபடி வெகுநேரம் நின்றான். மை ஒரு பொட்டாக ஊறிவிட்டது. பிறகு "வீடு, 3ஆம் மாடி" என்று எழுதினான். நான் அன்று பின்னேரமே அந்தக் கோட்டை எடுத்துவிட்டுப் புதுப் படிவம் அடித்தேன். ஆனால் பொடியன்கள் படிவம் பார்த்தா கேட்பார்கள்? முதல் ஞாயிறே கரம் பலகையைச் சுற்றி நின்று பிடித்துக்கொண்டார்கள்.

"அப்ப உங்கட பிரின்சிபல் ஆர்?"

"அம்மா."

"கிளாஸ் ரீச்சர்?"

"அம்மா."

"கன்ரீன்?"

"அதுவும் அம்மாதான். கடன் இல்லை."

ஒருவன் சிரித்துச் சிரித்துக் கரம் மாவை மூக்குக்குள் இழுத்துவிட்டான். தும்மல் நின்றதும், "சரி, நீ வெள்ளைக் காய் எடு" என்றான்.